அடியில் ‘ரஸ்ஸல் ரைட்’ என்று எழுதிய பழைய தட்டு: என்ன மதிப்பு, அதில் சாப்பிடலாமா?

பக்கத்துத் தெருவில் நடந்த எஸ்டேட் சேலில், அதாவது ஒரு வீட்டுச் சாமான் முழுவதையும் விற்கும் விற்பனையில், அடியில் ரஸ்ஸல் ரைட் என்று எழுதிய சாம்பல் நிறத் தட்டுகளும், வெளியே பச்சை நிறம் உள்ள பைரெக்ஸ் கிண்ணம் ஒன்றும் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா, 1950கள் 60கள் காலத்துச் சாமான்களைச் சேர்க்க ஆரம்பித்தால் எதைப் பார்த்து வாங்குவது, இந்தத் தட்டில் சாம்பார் ஊற்றிச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை, நீங்கள் கேட்டதற்கே ஒரு பாராட்டு. அதற்குக் கொஞ்சம் கீழே வருகிறேன், முதலில் மதிப்பு.

இந்தச் சாமான்கள் எதுவுமே அரிய பொருளாகச் செய்யப்பட்டவை இல்லை. சம்பளக்காரர்கள் வீட்டில் தினமும் புழங்குவதற்காக, டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் அடுக்கி வைத்து, லட்சக்கணக்கில் விற்றவை. உங்கள் தட்டு அமெரிக்கன் மாடர்ன் என்ற வரிசையைச் சேர்ந்தது, அதில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். அப்புறம் எதற்கு விலை என்றால், அறுபது எழுபது வருஷம் கழுவி, அடுக்கி, கைதவறிப் போட்டு, இன்றும் முழுசாக, நிறம் போகாமல் இருக்கிற ஒன்றுக்குத்தான் விலை. அதனால் பெயர்களையும் வருஷங்களையும் மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பொருள் எங்கே தேயும், எங்கே உடையும், அதை விற்பவர் எப்படி மறைப்பார் என்று தெரிந்துகொள்வது பத்து மடங்கு உபயோகம். இந்தக் காலத்துப் பாணிக்கு வைத்திருக்கிற மிட் செஞ்சுரி மாடர்ன் என்ற பெயரை நம்பி எதையும் எடுத்துவிடாதீர்கள், 1980களில் வந்த பழுப்புக் கோப்பைக்குக்கூட அந்தச் சீட்டை ஒட்டி விற்கிறார்கள்.

சரி, உங்கள் தட்டு. ரஸ்ஸல் ரைட் வடிவமைத்த அமெரிக்கன் மாடர்ன் வரிசையை ஒஹாயோ மாநிலத்தில் ஸ்டூபன்வில் என்ற ஊரில் இருந்த ஸ்டூபன்வில் பாட்டரி 1939 முதல் 1959 வரை செய்தது. அதற்கு முன்னால் ஒரு நடுத்தரக் குடும்பத்து அமெரிக்க மேஜையில் நல்ல தட்டு என்றால் பூப்போட்டது, விளிம்பில் தங்கக் கோடு போட்டது, எல்லாம் ஒரே செட்டாக வாங்குவது. ரைட் பூவையும் கோட்டையும் எடுத்துவிட்டு ஒற்றை நிறம் கொடுத்தார், தட்டுக்குத் தனியாக விளிம்பு என்று இல்லாமல் ஓரம் அப்படியே மேலே சுருண்டு எழும்பும். சாம்பலும் பவழமும் கடல்பச்சையும் ஒரே மேஜையில் கலந்து வைக்கலாம் என்றார். புதுசாகக் கல்யாணமானவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்க்கிற மாதிரி விற்றார்கள். ஆரம்பத்தில் இதைச் செய்ய எந்தத் தொழிற்சாலையும் முன்வரவில்லை என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

உங்களுடையது கிரானைட் கிரே. வருத்தப்படாதீர்கள், அது அதிகம் கிடைக்கிற நிறங்களில் ஒன்று. பவழம், சார்ட்ரூஸ் என்ற மஞ்சள்பச்சை, இவையும் அப்படித்தான். பீன் பிரவுன் என்ற ஆழ்ந்த பழுப்பு போர்க்காலத்தில் நின்றுபோனது, பின்னால் வந்த கிளேசியர் புளூ, காண்டலூப், இவையெல்லாம் குறைவு, அதனால் விலையும் கூட. வடிவத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது: தட்டு எப்போதும் மலிவு, ஏனென்றால் ஒரு வீட்டில் ஒரு டசன் இருக்கும். தண்ணீர் ஊற்றும் பிட்சர், மூடி போட்ட பாத்திரம், சின்னச் சின்ன உப்பு மிளகுக் குப்பிகள், இவை வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், உடைவதும் காணாமல் போவதும் அவைதான். எந்தக் கம்பெனியை எடுத்தாலும் இது பொருந்தும். மூடி இல்லாத பாத்திரத்தை ‘மூடி அப்புறம் தேடிக்கொள்ளலாம்’ என்று வாங்காதீர்கள், தனி மூடி கிடைக்காது, கிடைத்தால் முழுப் பாத்திரத்தின் விலை சொல்வார்கள்.

அமெரிக்கன் மாடர்னில் ஒரு பெரிய குறை உண்டு. அது குறைந்த சூட்டில் சுட்ட மண், மேலே கிளேஸ் என்ற கண்ணாடி மாதிரியான பூச்சு. லேசாக இடித்தாலே விளிம்பில் சில்லு பெயரும். அதைவிட மோசம் கிளேஸில் விழும் மயிரிழை வெடிப்புகள். தட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடியுங்கள், நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்வு வெளிச்சத்தில் மேற்பரப்பெங்கும் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று பின்னி ஓடுவது தெரியும். கோடுகள் நிறமில்லாமல் இருந்தால் வயசுக்கு வந்தது என்று விட்டுவிடலாம். பழுப்பாக இருந்தால் எண்ணெயும் குழம்பும் கிளேஸுக்குக் கீழே மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அது எதற்கும் போகாது. அடுத்து கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் விளிம்பைச் சுற்றி வாருங்கள், கண்ணுக்குத் தப்பிய சில்லு நகத்துக்குத் தப்பாது. கடைசியாக விரல் முட்டியால் ஒரு தட்டு. முழுத் தட்டு கொஞ்சமாவது ஒலிக்கும், உள்ளே கீறல் ஓடிய தட்டு டொக் என்று செத்த சத்தம் போடும்.

இதே ரஸ்ஸல் ரைட் 1946இல் இராகுவாய் கம்பெனிக்காகக் கேஷுவல் என்று ஒரு வரிசை செய்தார், அது அதிக சூட்டில் சுட்ட கெட்டிப் பீங்கான், சுலபத்தில் சில்லுப் பெயராது, உடைந்தால் மாற்றித் தருகிறோம் என்று உத்தரவாதத்தோடு விற்றார்கள். பேர் அமெரிக்கன் மாடர்னுக்குத்தான், ஆனால் பொருள் என்ற வகையில் இராகுவாய் ஒரு படி மேல் என்பது என் கட்சி. ஒரே பெயரை இரண்டின் அடியிலும் பார்த்துவிட்டு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிடுகிறவர்கள் உண்டு, தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும்.

ரைட் பிடித்தால் ஈவா ஸைசல் என்ற வடிவமைப்பாளரையும் பிடிக்கும். புடாபெஸ்டில் 1906இல் பிறந்து, ரஷ்யாவில் வேலைக்குப் போய், ஸ்டாலின் காலத்தில் பதினாறு மாதம் சிறையில் இருந்து, விடுதலையாகி, பிற்பாடு அமெரிக்கா வந்தவர், 105 வயது வரை வாழ்ந்தார். ரெட் விங் பாட்டரிக்கு அவர் செய்த டவுன் அண்ட் கண்ட்ரி வரிசையின் உப்பு மிளகுக் குப்பிகள், ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு நிற்கும் தாயும் பிள்ளையும் மாதிரி இருப்பவை, இன்றைக்கும் யார் வீட்டு மேஜையில் வைத்தாலும் வந்தவர்கள் கையில் எடுத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். ஹால் சைனா கம்பெனிக்கு 1950களில் அவர் செய்த டுமாரோஸ் கிளாசிக் வரிசை சுலபமாகக் கிடைக்கும், விலையும் இன்னும் கைக்கு அடக்கம்.

இப்போது பச்சைக் கிண்ணம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேசுவேன், ஏனென்றால் அமெரிக்காவில் புதுசாகச் சேர்க்க ஆரம்பிக்கிற எல்லோரும் பைரெக்ஸில்தான் ஆரம்பிக்கிறார்கள், ஏமாறுவதும் அதில்தான். கார்னிங் கம்பெனி 1915இலிருந்து பைரெக்ஸ் என்ற பெயரில் தெளிந்த கண்ணாடிப் பாத்திரம் விற்றுவந்தது. வெள்ளைக் கண்ணாடியில் செய்த, வெளியே மட்டும் நிறம் ஏற்றிய கிண்ணங்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ மெஸ்ஸுக்கான கண்ணாடியிலிருந்து வந்தவை, போர் முடிந்ததும் அடுக்களைக்கு வந்துவிட்டன. நாலு கிண்ணம் ஒரு செட்: சின்னது நீலம், அதற்கு மேல் சிவப்பு, அதற்கு மேல் பச்சை, எல்லாவற்றிலும் பெரியது மஞ்சள். அடியைத் திருப்பிப் பாருங்கள், உங்களுடையதில் 403 என்று இருக்க வேண்டும், அதுதான் பச்சை, கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் பிடிக்கும். எண் இல்லாமல் இருந்தால் இன்னும் முந்தியது.

பூவும் படமும் போட்டவை 1956இலிருந்துதான் வந்தன. பட்டர்பிரிண்ட் என்று நீலப்பச்சையில் சேவலும் சோளக்கதிரும் வயல் வேலை செய்யும் ஜோடியும் போட்ட ஒன்று, கூஸ்பெரி என்று காய் கொடி போட்ட ஒன்று, இவை இரண்டும் நிறையக் கிடைக்கும், அப்படியும் விலை குறைவதில்லை. இரண்டு பக்கமும் பிடியும் ஊற்று மூக்குமாக இருப்பவற்றை சிண்ட்ரெல்லா என்பார்கள், எண் 441இலிருந்து 444 வரை. லக்கி இன் லவ் என்று இதயமும் இலைக் கொத்தும் போட்ட 1959 பாத்திரம் ஒன்று இருக்கிறது, அது ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனதால் எல்லோரும் ஏதோ லாட்டரி மாதிரி த்ரிஃப்ட் என்ற பழைய சாமான் கடைகளைக் குடைகிறார்கள். அதை எதிர்பார்த்து இதில் இறங்காதீர்கள். கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் வைத்திருக்கிற பைரெக்ஸ் படங்களின் தொகுப்பை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள், அது போதும், கடையில் எதைப் பார்த்தாலும் பெயர் தானாக வந்துவிடும்.

பைரெக்ஸுக்கு எமன் டிஷ்வாஷர். அந்தச் சோப்பின் காரம் கிண்ணத்தின் வெளி நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, பளபளப்பு போய், தொட்டால் மாவு படிந்த மாதிரி சொரசொரப்பாகிவிடும். அது திரும்ப வராது, எந்தப் பாலிஷும் திருப்பித் தராது. இங்கேதான் ஒரு தந்திரம் நடக்கும். விற்பவர் மெல்லிசாக எண்ணெய் தடவிவிடுவார், படத்தில் பார்த்தால் கடையில் நேற்று வாங்கியது மாதிரி மின்னும். அதனால் நேரில் வாங்கினால் கைக்குட்டையால் ஒரு இடத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, அந்த இடத்தையும் பக்கத்து இடத்தையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். துடைத்த இடம் மங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் ‘இது டிஷ்வாஷரில் போட்டதா, மேலே எண்ணெய் தடவியிருக்கிறதா’ என்று நேராகவே எழுதிக் கேளுங்கள், மழுப்பிப் பதில் வந்தால் அதுவே பதில்.

அப்புறம், இந்தக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் ஒரு துணியோ காகிதத் தட்டோ வையுங்கள். சின்னதின் வெளி நிறம் பெரியதின் உள்பக்கத்தில் உரசும். நிறம் கீறுகிறது என்பது ஒரு பக்கம், நாம் மாவு பிசைகிற இடத்தில் அந்தப் பொடி விழுகிறது என்பது இன்னொரு பக்கம்.

அதிலிருந்து நேராக உங்கள் சாம்பார் கேள்விக்கு வருகிறேன். பழைய நிறங்களிலும் கிளேஸ்களிலும் ஈயம் இருக்கலாம், சிவப்பு ஆரஞ்சு மஞ்சளில் காட்மியமும் இருக்கலாம். அமெரிக்காவில் உணவு மருந்து நிர்வாகம் பீங்கான் பாத்திரங்களிலிருந்து கசியும் ஈயத்துக்கு வரம்பு வைத்துப் பார்க்க ஆரம்பித்ததே 1971 வாக்கில்தான், நாம் பேசுகிற சாமான்களில் முக்கால்வாசி அதற்கு முந்தியது. உள்ளே ஈயம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அது சாப்பாட்டில் இறங்குகிறதா என்பது வேறு கேள்வி. துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவியை வைத்து அளந்து பெரிய பெரிய எண்ணைப் போட்டு பயமுறுத்துகிறார்கள், அந்த எண் பொருளில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், தட்டிலிருந்து வாய்க்கு எவ்வளவு வரும் என்று சொல்லாது. கடையில் விற்கும் தேய்த்துப் பார்க்கும் குச்சியும் அப்படித்தான், நிறம் மாறினால் ஒதுக்கிவிடலாம், மாறவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இறங்குவதற்கு உதவுபவை புளிப்பு, சூடு, நேரம் மூன்றும். நம் சமையலை நினைத்துப் பாருங்கள்: ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய், தயிர், தக்காளித் தொக்கு. அமெரிக்கக் குடும்பம் ஒன்று இந்தத் தட்டில் உருளைக்கிழங்கும் கறித்துண்டும் வைத்துச் சாப்பிட்டதும், நாம் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் ஊற்றுவதும் ஒன்று இல்லை. அதனால் உங்கள் சாம்பல் தட்டில், அதிலும் வெடிப்பு ஓடியிருந்தால், சாம்பார் வேண்டாம். மஞ்சள்தூள் அந்த வெடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது கூடுதல் தண்டனை, தட்டின் விலையும் அதோடு போய்விடும். முறுக்கு, பழம், ரொட்டி, பிஸ்கட் என்று காய்ந்த பண்டத்துக்கு வையுங்கள், அழகாக இருக்கும். சின்னக் குழந்தைக்கு எதையுமே வைக்காதீர்கள், கர்ப்பமாக இருப்பவர்களும் ஒதுக்குவதுதான் நல்லது. பைரெக்ஸ் கிண்ணத்தின் உள்பக்கம் வெறும் கண்ணாடி, நிறம் வெளியேதான், எனவே நிறம் உதிராத கிண்ணத்தில் தோசை மாவு கலக்கலாம். அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கிற எதையும் ஊற்றாதீர்கள், கண்ணாடி சொல்லிக்கொள்ளாமல் வெடிக்கும்.

ஃபியஸ்டா என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹோமர் லாஃப்லின் கம்பெனி 1936இல் கொண்டுவந்தது, உண்மையில் நாம் பேசும் காலத்துக்குக் கொஞ்சம் முந்தின ரசனை. அதன் பழைய சிவப்பில், பார்க்க ஆரஞ்சாக இருக்கும், யுரேனியம் இருந்தது. 1943இல் அரசாங்கத்துக்கு யுரேனியம் தேவைப்பட்டதால் அந்த நிறம் நின்று, 1959இல் திரும்ப வந்தது. அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், அதில் சாப்பிட வேண்டாம், அவ்வளவுதான்.

மெலமைன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் தட்டுகளும் இந்தக் காலத்துச் சாமான்தான், ரைட்டே ஒரு வரிசை செய்திருக்கிறார். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, கத்திக் கீறல் போகாது, மஞ்சள் கறை அதைவிடப் போகாது. நம் வீட்டுக்கு ஒத்துவராத சாமான் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஸ்காண்டிநேவிய எனாமலும் தேக்கும். டான்ஸ்க் என்ற கம்பெனியைப் பெயரை வைத்து டென்மார்க் கம்பெனி என்று நினைப்பார்கள், அது நியூயார்க் பக்கம் இருந்த டெட் நீரன்பர்க் என்ற அமெரிக்கர் 1954இல் ஆரம்பித்தது. கோபன்ஹேகனில் ஓர் அருங்காட்சியகத்தில் தேக்குப் பிடி போட்ட எஃகு முள்கரண்டி, கத்தி, கரண்டியைப் பார்த்தார், செய்தவர் யென்ஸ் குவிஸ்ட்கோர் என்ற டேனிஷ் கைவினைஞர். கையால் செய்ததைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது என்று சொல்லப்பட்டதையும் மீறி அவரைத் தேடிப்போய்ச் சம்மதிக்க வைத்தார். அந்த ஃபியோர்ட் வரிசைதான் கம்பெனியின் ஆரம்பம். குவிஸ்ட்கோர் அப்புறம் செய்த கோபன்ஸ்டைல் எனாமல் பாத்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மூடியின் மேல் பிடி சிலுவை வடிவில் இருக்கும். ஏன் அப்படி என்றால், மூடியைக் கவிழ்த்து மேஜையில் வைத்து, அந்தச் சிலுவையைக் காலாக்கி, சூடான பாத்திரத்தை அதன்மேல் வைக்கலாம். அடுப்பிலிருந்து நேராக மேஜைக்கு. இதைக் கையில் வைத்து ஒருமுறை செய்து பார்த்தால்தான் அந்த மனிதர் எப்படி யோசித்தார் என்று புரியும்.

இதில் பார்க்க வேண்டியவை இரண்டு. பழையவற்றின் அடியில் நாலு வாத்து வரைந்த முத்திரையும் டென்மார்க் என்ற சொல்லும் இருக்கும், பிற்பாடு பிரான்சில் செய்தவையும் உண்டு. 2021இல் ஃபுட்52 என்ற கம்பெனி டான்ஸ்கை வாங்கியது, கோபன்ஸ்டைல் புதுசாகவும் வந்திருக்கிறது, அதனால் ‘பழசு’ என்று சொல்வதை முத்திரையைப் பார்க்காமல் நம்பாதீர்கள். இரண்டாவது உள்பக்க எனாமல். உலோகக் கரண்டி போட்டுக் கிளறிக் கிளறி அடி மங்கி, சாம்பல் கோடுகளாக இருக்கும். கோடு மட்டும் என்றால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தேய்ப்புப் பொடியில் போய்விடும், பீங்கான் தட்டில் கத்தி விட்ட சாம்பல் கோட்டுக்கும் அதே மருந்துதான். எனாமல் பெயர்ந்து கீழே இரும்பு தெரிந்தால் துரு பிடிக்கும், சமையலுக்கு உதவாது, உள்ளே பூத்தொட்டி வைக்கலாம். வெறும் பாத்திரமாக அடுப்பில் காயவிட்டால் எனாமல் தெறிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

தேக்குப் பிடிகளையும் தேக்கு ஐஸ் வாளிகளையும் தண்ணீரில் ஊறவிடக் கூடாது. வாங்கும்போது எஃகும் மரமும் சேரும் இடத்தில் நகம் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் டிஷ்வாஷருக்குள் போய்வந்தது. மரம் வெளுத்திருந்தால் பரவாயில்லை, மினரல் ஆயில் தடவினால் நிறம் திரும்பும். வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெயைத் தடவிவிடாதீர்கள், சிக்குவாடை வந்து பிசுபிசுக்கும்.

எனாமலில் விலை தூக்கலாக இருப்பது நார்வேயின் ஹால்டன் ஊரில் செய்த காத்ரீனஹோல்ம் கிண்ணங்கள், சுற்றிலும் நிமிர்ந்த இலைகளாக லோட்டஸ் என்ற படம் போட்டவை. எங்கே பார்த்தாலும் இதை கிரெட்டே பிரிட்ஸ் கிட்டெல்சன் வடிவமைத்தது என்று எழுதுவார்கள். பாத்திரத்தின் வடிவம் அவருடையது, அந்த இலைப் படம் கம்பெனியில் இருந்த ஆர்னே கிளாவுசன் போட்டது. வெற்று நிறத்தையே விரும்பிய கிரெட்டேவுக்கு அந்த இலைகள் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள், ஆனால் உலகம் அவரை அந்த இலைகளோடுதான் ஞாபகம் வைத்திருக்கிறது. முத்திரை இல்லாத அசல்களும் நிறைய உண்டு, அதனால் முத்திரை இல்லை என்று பயப்படுவதைவிட, விளிம்பில் எனாமல் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதே இலையைப் போட்டுப் பீங்கானிலும் மூங்கிலிலும் சமீபத்தில் வந்திருக்கிறது. காந்தம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், எஃகின் மேல் எனாமல் என்றால் ஒட்டும்.

இந்த இடத்தில் ஒன்று. எனாமல் என்றால் ஹால்டனுக்கோ ஈபேக்கோதான் போக வேண்டும் என்று இல்லை. ஊருக்குப் போகும்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த எனாமல் சட்டிகளும் அடுக்குகளும் அங்கே குவிந்து கிடக்கின்றன, அடியைத் திருப்பினால் ஸ்வீடன், ஜப்பான் என்று முத்திரை தெரியும். பல வீடுகளில் அவற்றை எடுத்துப் புழங்கியதே இல்லை, பெட்டியோடு இருந்தவை. இவற்றை மிட் செஞ்சுரி மாடர்ன் என்று யாரும் அழைப்பதில்லை, ஆனால் பொருளின் தரம், நிலை என்று பார்த்தால் நியூயார்க்கில் நாலு மடங்கு விலை சொல்கிற பல கிண்ணங்களைவிட நன்றாக இருக்கும்.

ஃபின்லாந்தைப் பற்றிக் கொஞ்சம். அராபியா கம்பெனிக்காகக் காய் ஃப்ராங்க் 1950களின் ஆரம்பத்தில் செய்த கில்டா, அலங்காரமே இல்லாத வட்டமும் சதுரமும், செட்டாக வாங்காமல் வேண்டியதை மட்டும் வாங்கு என்ற யோசனை. அதைத்தான் திருத்தி 1981இலிருந்து டீமா என்று விற்கிறார்கள், இன்றும் கடையில் கிடைக்கிறது. ஸ்வீடனின் ஸ்டிக் லிண்ட்பெர்க் செய்த பெர்ஷோ என்ற பச்சை இலைத் தட்டு 1960களில் வந்து, 1974இல் நின்று, 2005இல் திரும்ப வந்துவிட்டது. கலிபோர்னியாவின் ஹீத் செராமிக்ஸ் தன் கூப் என்ற தனி விளிம்பில்லாத தட்டுகளை 1948இலிருந்து நிறுத்தவே இல்லை. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஈரமான சாப்பாட்டுக்கு இந்தப் புதுசுகளை வாங்கிக்கொள்ளுங்கள். வடிவம் அதேதான், சாம்பார் பயமில்லாமல் ஊற்றலாம். பழசை அலமாரிக்கும் முறுக்குக்கும் வையுங்கள். சேர்ப்பவர்களில் சிலர் மறுபதிப்பு என்றால் முகம் சுளிப்பார்கள், அவர்கள் வீட்டில் தினமும் எந்தத் தட்டில் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் வெள்ளையாக ஏதாவது ஒன்றைக் காட்டுவார்கள்.

இங்கிலாந்து பக்கம் போனால் ஒன்றே ஒன்றைச் சொல்வேன், ஹோம்மேக்கர். ஈனிட் சீனி என்ற பெண் ரிட்ஜ்வே கம்பெனிக்காகப் போட்ட கறுப்பு வெள்ளைத் தட்டு, அதில் பூ இல்லை, அந்தக் காலத்து நாகரிக நாற்காலி, பூமராங் வடிவ மேஜை, செடி வைக்கும் ஸ்டாண்டு என்று வீட்டுச் சாமான்களையே வரைந்திருப்பார். வுல்வொர்த் கடையில் மலிவு விலைக்கு விற்றது. அந்த நாற்காலியை வாங்க முடியாதவர்கள் நாற்காலி போட்ட தட்டை வாங்கினார்கள். அதிலும் தட்டு மலிவு, தேநீர்க் குடுவைதான் எட்டாத விலை.

எங்கே வாங்குவது என்று கேட்டால், எஸ்டேட் சேலுக்கு ஈடு எதுவும் இல்லை. வயதானவர் காலமானாலோ முதியோர் இல்லத்துக்கு மாறினாலோ வீட்டுச் சாமான் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே வைத்து விற்பார்கள், முதல் நாள் வியாபாரிகள் கூட்டம், கடைசி நாள் பாதி விலை. எல்லோரும் சாப்பாட்டு அறை அலமாரியைத்தான் மொய்ப்பார்கள். நீங்கள் நேராக பேஸ்மெண்டுக்குப் போங்கள், கல்யாணப் பரிசாக வந்து பெட்டியைக்கூடத் திறக்காமல் வைத்தவை அங்கேதான் இருக்கும். பெரிய சந்தை பார்க்க ஆசை என்றால் மாசசூசெட்ஸில் பிரிம்ஃபீல்ட் வருஷத்துக்கு மூன்று முறை, மே, ஜூலை, செப்டம்பரில் கூடும், ஒருமுறை வேடிக்கை பார்க்கவாவது போய்வரலாம். ஒரு செட்டில் ஒரே ஒரு தட்டு குறைகிறது என்றால் வட கரோலினாவில் இருக்கும் ரீப்ளேஸ்மெண்ட்ஸ் கம்பெனியில் தேடுங்கள், விலை அதிகம்தான், ஆனால் படத்தின் பெயர் கண்டுபிடிக்க அவர்கள் பட்டியலைவிட நல்லது இல்லை. விலை தெரிய வேண்டுமானால் ஈபேயில் விற்றுமுடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். விற்பவர் கேட்கிற விலை அவருடைய ஆசை, விற்ற விலைதான் விலை.

உங்கள் கிரானைட் கிரே தட்டுகளுக்கு, சில்லும் வெடிப்பும் இல்லாமல் இருந்தாலும், விற்றால் பெரிய தொகை வராது, விற்க வேண்டாம். அதோடு இன்னும் நாலு நிறத்தில் ஒன்றொன்று சேருங்கள், ஒரே நிறத்தில் பன்னிரண்டு வைப்பதைவிட ரைட் நினைத்தது அதுதான். 403க்கு மிச்ச மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். நீலம்தான் தாமதமாகும், சின்னக் கிண்ணம் என்பதால் அதிகம் உடைந்தது அதுதான், முழு செட்டாக வாங்கினால் அந்த நீலத்துக்காகவே கூடுதல் விலை கேட்பார்கள்.

கடைசியாக, அம்மாவுக்குச் சென்னைக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுத்துப்போகலாம். தட்டைப் படுக்க வைக்காமல் குத்திட்டு நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மடித்த துண்டு, சுற்றிலும் ஒரு கை அளவுக்குத் துணி, பெட்டியின் சுவரில் எதுவும் படக் கூடாது. மூடியையும் பாத்திரத்தையும் ஒன்றாக மூடி வைத்துக் கட்டாதீர்கள், தனித்தனியாகச் சுற்றி, மூடியைக் கைப்பையில் கொண்டுபோங்கள்.